பன்னிரண்டில் முடிகிற ஆட்டம்

கரண்ட் போனதும் ரூத்துக்கு முதலில் நிம்மதியாக இருந்தது, அப்புறம் அந்த நிம்மதியை நினைத்தே எரிச்சலாக இருந்தது. அவளுக்கு முன்னால் ஒரே ஒருத்தர்தான் நின்றார், கவுன்சிலிங்குக்காக மகனின் சான்றிதழ்களை நகல் எடுக்க வந்தவர், தாள் மெஷின் வாயில் பாதி துருத்திக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது, அவர் அதை இழுக்கப் போக, கடைக்கார பாஸ்கர் அண்ணன், "சார், கையை வைக்காதீங்க, உள்ள சிக்குச்சுன்னா இன்னிக்குப் பூரா கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான்" என்றார். திருவெறும்பூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க்கடை, ஜூலை வெயில், ஃபேன் சுற்றுவது குறைந்து குறைந்து நின்றது. "எப்பண்ணே வரும்?" "மூணு மணிம்பான். மூணரைன்னு வெச்சுக்க. நீ வேணா வீட்டுக்குப் போயிட்டு வாயேன்." "இல்லண்ணே, நிக்கிறேன்." வீட்டுக்குப் போனால் மட்டும் என்ன, அங்கேயும் இதையேதான் நினைக்கப் போகிறாள். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல், அதில் இரண்டு விதமான தாள். ஒன்று ஒற்றைப் பக்கம், முக்கால்வாசி வெறுமை. இன்னொன்று நாலு பக்கம், பொடிப்பொடியாகக் கட்டங்கள். இதில் எதை மூன்று நகல் எடுப்பது என்று இன்னும் முடிவு பண்ணவில்லை, வரிசையில் நிற்கும்போது தானாக வந்துவிடும் என்று நம்பிக் கிளம்பி வந்துவிட்டாள், வரவில்லை. போனைத் திறந்தாள். சேரா அனுப்பியது அப்படியே கிடந்தது, பதில் போடாமல், ஆனால் படித்துவிட்டாள் என்று அவனுக்குத் தெரிகிற மாதிரி. எந்த லெவல்ல ஆரம்பிக்கிறோம், சீக்கிரம் சொல்லு, நான் ஆளை உருவாக்கணும். அதற்குக் கீழே, ஓட்டெடுப்பு எல்லாம் வேணாம், நீயே சொல்லு. அதற்கும் கீழே, டைஸ் உருட்டி முடிவு பண்ணாத.

இந்த ஆட்டத்தை யாருக்காவது விளக்கி விளக்கி அவளுக்கு அலுத்துவிட்டது. கேம் என்றதும் போனில் சுடுகிற ஆட்டமா என்பார்கள். இல்லை. ஒரு மேசை, தாள், பென்சில், டைஸ், அவ்வளவுதான். ஒருத்தர் கதையை நடத்துவார், அது ரூத். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை உருவாக்கி அந்தக் கதைக்குள் இறங்குவார்கள், அது சேரா என்கிற சேரலாதன், அபு, வினோதா, நாலு பேரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வருஷம் ப்ளஸ் டூ முடித்தவர்கள். லெவல் ஒன்று என்றால் உன் ஆள் ஒரு தடியும் கிழிந்த சட்டையுமாக நிற்கிறவன், எலி கடித்தால் செத்துப்போவான், அவனுக்கு ஒற்றைப் பக்கத் தாள் போதும். லெவல் பத்து என்றால் தீயில் நடப்பான், சுவருக்குள் புகுந்து வருவான், அதையெல்லாம் எழுத நாலு பக்கம் வேண்டும். எந்த லெவலில் வேண்டுமானாலும் கதையைத் தொடங்கலாம், அது நடத்துகிறவள் விருப்பம். இவர்கள் கணக்கு, நாலு ஞாயிற்றுக்கிழமை ஆடினால் ஒரு லெவல் ஏறும். மாசத்துக்கு ஒன்று. இந்தக் கணக்கைப் போட்டவளே அவள்தான், பதினோராம் வகுப்பில், பெரிய நீதிபதி மாதிரி, யாருக்கும் சலுகை கிடையாது, குறுக்கு வழி கிடையாது என்று நோட்டுப் பின்னட்டையில் எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினாள். இப்போது அந்தக் கணக்கு கழுத்தைப் பிடிக்கிறது. ஏனென்றால் ஆற்றுக்கு அடியில் இருக்கிற கோட்டையின் கதை, இரண்டு வருஷமாக அவள் எழுதிக்கொண்டிருக்கிற கதை, பன்னிரண்டாவது லெவலில்தான் முடியும், அதை அவள் ஊரெல்லாம் சொல்லியும் வைத்திருக்கிறாள். பன்னிரண்டில் இருந்து தொடங்கும் எண்ணைக் கழித்தால் மாசம். சின்னப் பிள்ளைகூடப் போடுகிற கழித்தல். சேரா கணக்கில் நூற்றுக்கு நூறு.

ஒன்று என்றால் பதினொரு மாசம், கிட்டத்தட்ட ஒரு வருஷம். ஒரு வருஷம் சேராவுக்கு இல்லை. அதைப் போன வாரம் செவ்வாய்க்கிழமைதான் அவன் அம்மா சொன்னார், குவார்ட்டர்ஸ் மாடிப்படியில், இரண்டாவது திருப்பத்தில், கையில் பால் பாக்கெட்டோடு. மேலே வீட்டில் டீவி ஓடிக்கொண்டிருந்தது, சத்தத்தை வேண்டுமென்றே கூட்டி வைத்துவிட்டு இறங்கி வந்திருந்தார். "ரத்தத்துல புத்துநோய் ரூத்து. தீபாவளி வரைக்கும் பார்க்கலாம், அதுக்கு மேல சொல்ல முடியாதுன்னுட்டாங்க. அவனுக்குத் தெரியாது. ரத்தத்துல கிருமின்னு சொல்லி வெச்சிருக்கோம். நீ மூஞ்சில காட்டிடாதம்மா." அவர் அழவில்லை. பால் பாக்கெட்டிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டிப் படியில் ஒரு வட்டம் ஆனது, ரூத் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், சரி ஆன்ட்டி என்றாள், யாரோ கடைக்குப் போகச் சொன்ன மாதிரி. அந்த வீட்டில் மருந்து பாட்டிலை எல்லாம் வெந்நீரில் ஊறவைத்து லேபிளை உரித்துவிடுகிறார்கள். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி அவனுடைய பழைய மூக்குக்கண்ணாடி டப்பாவில் போட்டு வைக்கிறார்கள். ஆஸ்பத்திரி ஃபைல் பீரோவுக்கு மேலே சூட்கேஸுக்குள். அவன் அப்பா போனில் டாக்டரிடம் பேசுவதற்குச் சட்டை போட்டுக்கொண்டு தெருவுக்கு இறங்குகிறார், மற்ற நேரமெல்லாம் வெறும் பனியனோடே இறங்குகிறவர், அதனாலேயே அவர் சட்டையை எடுத்தால் டாக்டர் போன் என்று வீட்டுக்கே தெரியும். இதையெல்லாம் பார்த்துக்கொண்டு பதினெட்டு வயசுப் பையன் ஒருத்தன் கட்டிலில் படுத்திருக்கிறான், அவனுக்கு ஒன்றும் தெரியாதாம்.

தெரியுமா தெரியாதா. இதுதான் சுற்றிச் சுற்றி வருகிறது, மாட்டிக்கொண்ட டேப் மாதிரி. போன ஞாயிறு அவன் வீட்டில் சும்மா பேசிக்கொண்டிருந்தபோது மூக்கிலிருந்து ரத்தம் வந்து தாளில் சொட்டியது, பழைய ஆட்டத்தில் பக்கோடா என்று அவன் வைத்திருந்த ஆளின் தாள், அவன் கையால் துடைத்துவிட்டு, "பக்கோடாவுக்குக் காயம்டா, யாராவது கட்டுப் போடுங்க" என்றான். அபு சிரித்தான். அபுவுக்கு எதுவும் தெரியாது, தெரிந்தால் அவன் அடுத்த நிமிஷம் அழுதுகொண்டு எல்லாருக்கும் சொல்லிவிடுவான். வினோதா பஞ்சு எடுக்க ஓடினாள். ரூத் மட்டும் அசையவில்லை, ரத்தம் காய்ந்து தாள் மொடமொடவென்று ஆகிறதையே பார்த்தாள், அப்போது சேரா அவளைப் பார்த்தான். ஒரு பார்வைதான். ஏன் நீ சிரிக்கல என்று கேட்கிற பார்வை. அல்லது அவளே அப்படி நினைத்துக்கொள்கிறாள். ஆன்ட்டி மூஞ்சில காட்டிடாதே என்று சொல்லி ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் காட்டிவிட்டாளோ. அவள் மூஞ்சி அப்படிப்பட்ட மூஞ்சி. பொய் சொன்னால் காது சிவக்கும், பள்ளிக்கூடத்தில் எல்லா டீச்சருக்கும் தெரியும், வீட்டில் தம்பிக்குக்கூடத் தெரியும். அதனால்தான் அவள் உண்மை பேசுகிறவள் என்று பேர் வாங்கினாள், நல்ல மனசினால் ஒன்றும் இல்லை, வேறு வழி இல்லாததால். இதை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

கடைக்குள் வெக்கை ஏறியது. சான்றிதழ்காரர் ஒரு அட்டையால் விசிறிக்கொண்டார், அது அவர் மகனின் சாதிச் சான்றிதழோ என்னவோ. பாஸ்கர் அண்ணன் ரூத்தின் ஃபைலை எட்டிப் பார்த்து, "என்னம்மா இது, பேங்க் ஃபாரமா?" என்றார். "கேம்ண்ணே." "கேமுக்கு எதுக்கு ஃபாரம்?" "ஆள் சேர்க்கிறதுக்கு." "எங்க காலத்துல குச்சியை எடுத்துக்கிட்டு ஓடுவோம், ஆட்டம் ஆரம்பிச்சிரும்." அவருக்கு முப்பத்தஞ்சு வயசு இருக்கும், காலம் பேசுகிறார். சரி, அஞ்சு என்று வைத்தால் என்ன. அஞ்சு நடுவில், யாருக்கும் வலிக்காது, ஏழு மாசம். ஆனால் அஞ்சு என்பது கோழை எண். பிப்ரவரி வரைக்கும் போகிற கதை, அதுவும் நடக்காது, பொய்தான், ஒன்றைவிடச் சின்னப் பொய், சின்னப் பொய் சொல்கிறவன்தான் பெரிய அயோக்கியன், மாட்டிக்கொள்ள மாட்டோம் என்று தெரிந்தே சொல்கிறவன். அல்லது கணக்கையே மாற்றலாம், இரண்டு ஞாயிறுக்கு ஒரு லெவல். ஏன் இவ்வளவு அவசரம் என்பான். என்ன சொல்வாள், எனக்குக் காலேஜ் ஆரம்பிக்குது என்றா, மாலை வகுப்பு பி.எஸ்.சி. கணிதம், அதற்கு என்ன அவசரம், அவனே சிரிப்பான். அல்லது கோட்டையை எட்டாவது லெவலில் முடித்துவிடலாம், யார் கேட்கப் போகிறார்கள். அவன் கேட்பான். பன்னிரண்டு வாசல், வாசலுக்கு ஒரு காவல், இதை அவனிடம்தான் மொட்டை மாடியில் உட்கார்ந்து வாய் ஓயாமல் சொன்னாள், கடைசி வாசலுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லவில்லை. சொல்லுடி, சொல்லுடி என்று ஒரு மணிநேரம் கெஞ்சினான். ஆடித் தெரிஞ்சுக்கோ என்றாள். இப்போது நினைத்தால் அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கலாம். ஒன்றில் தொடங்கினால் அவன் நாலாவது வாசலைக்கூடத் தாண்ட மாட்டான். ஒன்பதில் தொடங்கினால் கடைசி வாசலையே பார்க்கலாம், பன்னிரண்டு ஞாயிறு, நடுவில் ஆஸ்பத்திரியில் போட்டால் ஒன்றிரண்டு போய்விடும், கட்டிலிலேயே உட்கார்ந்து ஆடினால் முடியும். அப்படியென்றால் ஒன்பது அவனுக்காகவா, அல்லது இரண்டு வருஷம் எழுதிய கதையைக் கேட்க ஒரு ஆள் வேண்டும் என்பதற்காகவா. தெரியவில்லை. பாதிக்குப் பாதி இருக்கலாம்.

ஆனால் சேராவுக்குப் பிடித்தது லெவல் ஒன்றுதான், அதுவும் உண்மை. ஒண்ணாவது லெவல்லதான் பயம் இருக்கு, மேல போனா எல்லாரும் சூப்பர்மார்க்கெட்டுக்குப் போற மாதிரி போறாங்க என்பான். தடியும் கிழிந்த சட்டையுமாக ஒருத்தனை உருவாக்கி, அவனுக்கு ஒரு அசிங்கமான பேர் வைத்து, அவன் பசியில் திருடப் போய் மாட்டிக்கொள்வதையே மூன்று ஞாயிறு ஆடுவான். அப்படித்தான் பக்கோடா வந்தான். பக்கோடா ஒரு திருடன், ஒன்றில் தொடங்கி ஆறு வரைக்கும் ஏறினவன், ஆறாவதில் மணிக்கூண்டிலிருந்து தாவும்போது ரூத் டைஸை உருட்டினாள். அவள் எல்லாவற்றையும் எவர்சில்வர் தட்டில்தான் உருட்டுவாள், எல்லாருக்கும் முன்னால், மறைப்பு எதுவும் இல்லாமல். மற்ற இடங்களில் கதை நடத்துகிறவர்கள் ஒரு அட்டையை நிறுத்தி அதற்குப் பின்னால் உருட்டுவார்களாம், வந்த எண்ணைக் கொஞ்சம் மாற்றிச் சொல்வதற்கு வசதியாக, ஆள் சாகாமல் பார்த்துக்கொள்வதற்கு. அவளுக்கு அது பிடிக்காது. அன்றைக்கு இருபது பக்க டைஸ் தட்டில் கடகடவென்று ஓடி விளிம்பில் இடித்துத் திரும்பி ஒன்றில் நின்றது. ஒன்று என்றால் விழுந்து செத்தான். அபு, "திரும்ப உருட்டு, தட்டுல பட்டுத் திரும்பிடுச்சு, அது செல்லாது" என்று கத்தினான். வினோதா, "ஒரு தடவைதானே ரூத்" என்றாள். ரூத், "செத்தாச்சு" என்றாள், அப்படியே, கல் மாதிரி. சேரா ரப்பரை எடுக்கவில்லை, பேனாவை எடுத்துப் பக்கோடாவின் பெயர்மேல் ஒரு கோடு போட்டுவிட்டு, "விடுங்கடா. இவ ஒருத்தியாவது வந்ததை வந்தபடி சொல்றாளே" என்றான். அது நடந்து மூன்று வாரத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. சம்பந்தம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ராத்திரி ஜெபத்தில் கண்ணை மூடினால் அந்தத் தட்டுச் சத்தம்தான் கேட்கிறது, கர்த்தரே என்று ஆரம்பித்தால் கடகட. அவனை ஒன்றில் தொடங்கவைத்து, இரண்டாவது ஞாயிறே அவள் கையால் ஒரு எலி கடித்து, தட்டில் ஒன்று விழுந்தால்? அப்போதும் செத்தாச்சு என்பாளா? அல்லது அட்டையை நிறுத்துவாளா?

ஆன்ட்டிக்கு ஒன்றுதான் வேண்டும். அதையும் அன்றைக்குப் படியிலேயே சொல்லிவிட்டார். பாலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, "என்னமோ லெவல் லெவல்ங்கிறீங்களே, ஒண்ணுல இருந்துதானே ஆரம்பிக்கணும்? ஒண்ணுல இருந்து ஆரம்பிச்சா முடிய ஒரு வருஷம் ஆகும்னு அபு சொன்னான். ஒண்ணுல இருந்தே ஆரம்பிங்கம்மா. சுருக்கா முடிச்சிராதீங்க" என்றார். ஆட்டத்தைக் கண்டாலே, போய்ப் படிங்க என்று விரட்டின ஆன்ட்டி அவர். இப்போது அந்த ஒரு வருஷத்தை நேர்த்திக்கடன் மாதிரி பிடித்துக்கொண்டிருக்கிறார், ஆட்டம் முடியாத வரைக்கும் அவனை யாரும் கூப்பிட மாட்டார்கள் என்பது மாதிரி. நாலு பேர் ஆடும்போது சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று பார்ப்பார், ஒன்றும் புரியாது, ஆனால் தாளின் மேல்மூலையில் லெவல் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் ஒரு எண் இருக்கும் என்பது தெரியும். அந்தக் கட்டத்தில் ஒன்பது என்று இருந்தால்? மகனுக்குச் சொல்லாமல் வைத்ததை இவள் ஒரு எண்ணில் போட்டு உடைத்துவிட்டாள் என்று அவருக்கு ஒரே நொடியில் தெரிந்துவிடும். அதற்கப்புறம் அந்தப் படியில் எப்படி ஏறுவாள்.

சரி, ஒன்று. முடிந்தது. ஒன்று என்று அனுப்பிவிட்டு ஒற்றைப் பக்கத் தாளில் மூன்று நகல். விரல் எழுத்தின்மேல் போனது, அங்கேயே நின்றது. ஒன்று என்று அனுப்பினால் அவன் என்ன பண்ணுவான் என்று அவளுக்குத் தெரியும். கழிப்பான். பதினொன்று வரும். சரி என்பான், ஒரு அசிங்கமான பேரை வைப்பான், சிரிப்பான், அதற்குப் பிறகு அவளிடம் எதையும் கேட்க மாட்டான். ஓட்டெடுப்பு வேணாம் என்று ஏன் சொன்னான்? அபு ஒன்று என்பான், வினோதா அபு சொன்னதைச் சொல்வாள், அதனால். டைஸ் உருட்டாதே என்று ஏன் சொன்னான்? டைஸுக்கு எதுவும் தெரியாது, அதனால். அவன் லெவலைக் கேட்கவே இல்லை. அந்த வீட்டில் அப்பா சட்டை போட்டுக்கொண்டு இறங்குகிறார், அம்மா லேபிளை உரிக்கிறார், டாக்டர் முதுகில் தட்டி அடுத்த மாசம் கிரிக்கெட் ஆடலாம் என்கிறார், எல்லாரும் அட்டைக்குப் பின்னால் உருட்டுகிறார்கள். அவன் படுத்தபடி யோசித்து யோசித்து, வந்ததை வந்தபடி சொல்கிற ஒருத்தி பாக்கி இருக்கிறாள் என்று கண்டுபிடித்து, அவளுக்கும் கஷ்டம் வராதபடி, ஒரு எண்ணை மட்டும் சொன்னால் போதும் என்று வழி பண்ணிக் கேட்டிருக்கிறான். ஒரே ஒரு எண். படுபாவி. எதற்கு என்னைக் கேட்கிறாய். எனக்கு என்ன டாக்டர் படிப்பா. எட்டா, ஒன்பதா, எட்டு என்றால் நாலு மாசம், ஒரு மாசம் கூடப் போட்டால் என்ன குறைந்துவிடும், கடைக்காரன் கொசுறு போடுகிற மாதிரி. இல்லை. தட்டில் விழுந்ததுதான். தீபாவளி என்றார்கள். தீபாவளிக்கு மூன்றரை மாசம். ஒன்பது.

ஒன்பது என்று எழுத்தில் அடித்தாள். அனுப்பினாள். அனுப்பின கையை ஜீன்ஸில் துடைத்துக்கொண்டாள். இரண்டு கோடு நீலமானது. எழுதுகிறான் என்று வந்தது, நின்றது, வந்தது, நின்றது. சான்றிதழ்காரர் பாஸ்கர் அண்ணனிடம் எந்தக் காலேஜில் எந்தப் பாடம் எடுக்கலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார், அண்ணன் ஏதோ பதில் சொன்னார், வெளியே ஒரு பஸ் துவாக்குடி துவாக்குடி என்று கத்திக்கொண்டு நின்றது, எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடக்கிற மாதிரி. அழைத்துப் பேசுவானோ. பேசினால் எடுக்க மாட்டாள், எடுக்க முடியாது. ஏன் சொன்னே என்று கேட்டால். அழுதால். அவன் அழுது அவள் பார்த்ததில்லை, காலில் ஆணி குத்தினபோதுகூட ஆணியைத்தான் திட்டினான். அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பானோ, இந்நேரம் ஆன்ட்டி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து. போன் அதிர்ந்தது.

சரி, என்று இருந்தது. அதற்குக் கீழே, மூணா. நான் ரெண்டுன்னு நெனச்சிருந்தேன்.

அவள் அதையே படித்தாள். இன்னொன்று வந்தது. அம்மா கேட்டா ஒண்ணுன்னு சொல்லு. அவங்களுக்குத் தெரிய வேணாம். ஒண்ணாம் லெவல் தாள் ஒண்ணும் எடுத்துட்டு வா, மேசைமேல கிடக்கட்டும். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் கழித்து, கடைசி வாசல்ல என்ன இருக்குன்னு இப்பவும் சொல்லாத.

கரண்ட் வந்துவிட்டது. மெஷின் ஒரு உறுமு உறுமி, பாதியில் நின்ற தாளை முழுசாகத் துப்பியது, சான்றிதழ்காரர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஃபேன் காற்றில் ரூத்தின் ஃபைல் படபடத்தது. "உனக்கு என்னம்மா, எதைப் போடணும்?" என்றார் பாஸ்கர் அண்ணன். நாலு பக்கத் தாளைக் கொடுத்தாள். "இதுல மூணு செட்." அப்புறம் ஒற்றைப் பக்கத் தாளையும் நீட்டினாள். "இதுல எத்தனை?" "ஒண்ணு போதும்ண்ணே." "ஒண்ணை வெச்சுக்கிட்டு எத்தனை பேர் ஆடுவீங்க?" "இது ஆடுறதுக்கு இல்லண்ணே. சும்மா பார்க்கிறதுக்கு." காது சுட்டது. பொய்கூட இல்லை, அதற்கே சுடுகிறது, ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கப் போகிறதோ. நகல் சூடாக வந்தது. மேசையில் கயிறு கட்டிக் கிடந்த பேனாவை எடுத்து, பெயர் என்று இருந்த இடத்தில் பக்கோடா என்று எழுதினாள், அவன் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது, பக்கோடாவின் தம்பி என்று மாற்றினாள். லெவல் என்ற கட்டத்தில் ஒன்று போட்டாள். பேனா சரியாக எழுதவில்லை. அதன்மேலேயே இன்னொரு தடவை போட்டாள், இன்னும் ஒரு தடவை, தாள் பின்பக்கம் புடைக்கிற அளவுக்கு அழுத்தி, சமையலறை வாசலில் நின்று பார்க்கிறவருக்கும் தெரிகிற மாதிரி.